நகம் பதிந்த குண்டு

வீட்டில் மான் சுடும் துவக்கு வைத்திருக்க என் மனைவி சம்மதித்தது ஒரேயொரு நிபந்தனையில். குழம்புக்கு உப்புக் காணுமோ என்று கேட்கும் அதே குரலில்தான் அதையும் சொன்னாள்.

"மான் துடிக்கக் கூடாது. ஒரு வெடியோட, நிண்ட இடத்தில போயிடோணும். காயத்தோட ஓடினது எண்டு கேள்விப்பட்டனெண்டால், அண்டைக்கே அந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போகோணும்."

பெட்டி என்றது துவக்கைப் பூட்டி வைக்கும் இரும்பு அலமாரியை. லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, வெக்கியூம் கிளீனருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் அதைச் சுவரோடு திருகி வைத்திருந்தேன். நான் தலையை ஆட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் ஆட்டிய தலைகளிலேயே மிகவும் யோசிக்காமல் ஆட்டியது அதுதான்.

ஐம்பதை நெருங்கும்போது எங்கள் யாழ்ப்பாண ஆண்களுக்கு இந்த ஊரில் ஏதாவது ஒன்று வரும். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குக் கோயில் நிர்வாகசபை. என் மைத்துனனுக்குக் கரோக்கி வந்தது. எனக்கு மான் வேட்டை வந்தது. கொண்டுவந்து ஒட்டியவர் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் மலேசியத் தமிழ் நண்பர். படிக்க வந்து இங்கேயே தங்கி, காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருப்பவர். என்னை விடச் சில வயது இளையவர். லண்டனுக்குத் தெற்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஒரு பண்ணையில் சுடுவதற்கு அவருக்கு அனுமதி இருந்தது. அங்கே முன்ட்ஜக் என்ற குட்டை மான்கள், பெரிய நாயளவு உயரம்தான், புதிதாக நட்ட மரக்கன்றுகளை எல்லாம் கடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தன. பண்ணைக்காரருக்கு அவை குறைய வேண்டும்.

"சும்மா வந்து உக்காருங்க அண்ணே, காத்து வாங்கலாம்," என்றுதான் அவர் முதலில் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். பேசாமல் அசையாமல் இருப்பதே திறமை என்று கருதப்படும் ஒரு பொழுதுபோக்கு உலகத்தில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. என்னால் இரண்டு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

துவக்குக்கு உரிமம் கேட்டதும் பொலிஸ் அதிகாரி ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். எங்கள் ஆட்களுக்கும் சீருடைக்கும் உள்ள உறவு தெரிந்ததுதானே. நான் ஒரு குற்றமும் செய்யாதவன் என்பதால் இன்னும் கூடுதலாகப் பயந்தேன். பற்றிஸ், றோல்ஸ், வடை, கேக் என்று மேசை நிறைய வைத்தேன். அவர் மேசையைப் பார்த்துவிட்டு, வேறு ஆட்களும் வரவிருக்கிறார்களா என்று கேட்டார். பிறகு என் மனைவியிடம் தனியாக, உங்கள் கணவருக்குக் கோபம் வருமா என்று விசாரித்திருக்கிறார். "அவருக்குக் கோபம் வாறேல்லை, பயம்தான் வரும்," என்று அவள் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னதை நான் குசினியில் நின்று கேட்டேன். உரிமம் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் பயத்துக்குக் கிடைத்த முதல் சான்றிதழ்.

துவக்கைத் தேர்ந்ததும் அதே குணத்தால்தான். நண்பர் தன்னுடைய பெரிய துவக்கை ஒருமுறை சுடத் தந்தார். அது என் தோளில் உதைத்த உதையில் நான் கூப்பிட்டது அம்மாவை. பக்கத்து வயலில் நின்ற செம்மறிகள் திரும்பிப் பார்த்தன. ஆகவே நான் வாங்கியது உதை குறைந்த, சத்தம் குறைந்த ஒன்று. அதில் போடும் ரவையில், அதாவது தோட்டாவில், வெடிமருந்து குறைவு. அதனால் குண்டு மெதுவாகப் போகும். மெதுவாக என்றால் நாங்கள் ஓடித் தப்பும் மெதுவல்ல; மற்றத் துவக்குகளோடு ஒப்பிட்டால் மெது. காட்டுக்குள் கிட்டத்தில் நிற்கும் சின்ன மானுக்கு, சட்டம் கேட்கும் அளவுக்கு, அது போதும்.

ரவை என்பது முழுச் சாமான்: பித்தளைக் கோது, உள்ளே மருந்து, முன்னால் குண்டு. நண்பர் தன் ரவைகளைத் தானே தன் கராஜில் அடைத்துக்கொள்வார். என்னுடையதை நான் அங்கே வந்து அடைக்கலாம், குண்டை மட்டும் நான் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தங்கச்சி கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போய்விட்டார். "மெதுவா போற ரவைக்கு ஏத்த குண்டா பாத்து எடுங்க அண்ணே," என்று விமான நிலையத்திலிருந்து மறுபடியும் சொன்னார். குண்டுதானே, தம்பி, என்றேன் நான். மரக்கறி வாங்கத் தெரிந்தவனுக்குக் குண்டு வாங்கத் தெரியாதா?

அங்கேதான் பிழை தொடங்கியது. நான் உண்மையிலேயே மரக்கறி வாங்குவது போலத்தான் வாங்கினேன்.

துவக்குக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட, மிகவும் மரியாதையான வெள்ளைக்காரர். இரண்டு பெட்டிகளைத் திறந்து முன்னால் வைத்தார். முதலாவதில் இருந்த குண்டுகளுக்குச் செப்பு உறை மெல்லியது. நுனியில் ஈயம் வெறுமையாக வெளியே தெரிந்தது. நான் ஒன்றை எடுத்து, வெண்டைக்காயின் நுனியைப் பார்ப்பது போல, கட்டைவிரல் நகத்தால் ஊன்றிப் பார்த்தேன். நகம் பதிந்தது! பிறை வடிவில் ஓர் அடையாளம். ஈயத்துக்கு இது அழகில்லை என்று மனதுக்குள் சொல்லி, கடைக்காரருக்குத் தெரியாமல் அதைத் திருப்பி வைத்தேன். நகம் பதிகிற குண்டு மானுக்குள் போய் என்ன செய்யப் போகிறது?

இரண்டாவது பெட்டியில் கரடிப் படம் போட்டிருந்தது. குண்டுகள் நீளம், கனம். தடித்த செப்பு உறை, உள்ளே ஈயத்தை உறையோடு சேர்த்து ஒட்டியிருந்தார்களாம், எலும்பில் பட்டாலும் பிரியாதாம். நகத்தை ஊன்றினேன். நகம்தான் வளைந்தது.

"ஜெர்மன் தயாரிப்பா?" என்று கேட்டேன். என் தலைமுறை யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு பொருளைப் பற்றிக் கேட்க வேறு கேள்வி கிடையாது.

அவர் ஆம் என்றார். பிறகு என் ரவையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்து என்னைப் பார்த்து, "அந்த ரவைக்கு இவை ஒருவேளை கொஞ்சம் பலமாக இருக்கும்," என்றார் மெதுவாக.

இந்த நாட்டில் இவ்வளவு காலம் இருந்தும் நான் படிக்காத பாடம் இதுதான். ஓர் ஆங்கிலேயர் 'ஒருவேளை கொஞ்சம்' என்று சொன்னால் வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம். எனக்கோ காதில் விழுந்தது 'பலம்' என்ற ஒன்று மட்டும். பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கினால் பலமானது. கொழும்புக்குப் போகும் சூட்கேஸ் என்றால் பலமானது. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுபோன விமானக் கம்பெனியே மூடிவிட்டது, சூட்கேஸ் இருக்கிறது. பலமாக இருக்கும் என்று ஒரு கடைக்காரரே சொல்லும்போது வாங்காமல் வருவதற்கு நான் என்ன பைத்தியமா?

"அதையே தாருங்கள்," என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குக் காட்டினேன். "இஞ்சாரும், பாரும். கரடிக்கே அடிக்கலாம். உம்மட மான் துடிக்கிறதுக்கு நேரமே கிடையாது."

அவள் ஒன்றைக் கையில் எடுத்து, கனத்தைப் பார்த்து, திருப்பித் தந்தாள். "மோர்டனில கரடி இல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு கிழமை நான் நல்ல நித்திரை கொண்டேன். அதுதான் கடைசி.

ஒருநாள் வேலை முடிந்து நோர்தேர்ன் லைன் நிலக்கீழ் ரயிலில் வரும்போது, பொழுது போகாமல், வேட்டைக்காரர்கள் எழுதும் இணையப் பக்கமொன்றில் என் குண்டின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். யாரோ ஒருவர் என்னைப் போலவே மெதுவான ரவையில் அதே குண்டைப் போட்டிருக்கிறார். வேகமாகப் போகும் துவக்குக்காகச் செய்த குண்டு அது; அந்த வேகத்தில் பட்டால்தான் நுனி விரியும். மெதுவாகப் போய்ப் பட்டால் விரியாது. பின்னல் ஊசி போல ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்துவிடும். குண்டு விரிந்து உள்ளே அகலமாகக் கிழித்தால்தான் மிருகம் உடனே விழும். விரியாவிட்டால் ஓடும். அவருடைய மான் ஓடியிருக்கிறது. இருட்டும்வரை தேடினார்களாம். அடுத்தநாள் நாயைக் கொண்டுவந்து தேடினார்களாம். அதற்கு மேல் அவர் எழுதவில்லை. நான் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

பலமான குண்டு என்றால் உடையாத குண்டு. உடையாத குண்டு என்றால் துடிக்கும் மான். கண்ணுக்குள் வந்து நின்றது மான்கூட இல்லை. மாடிப்படிக்குக் கீழே என் மனைவி ஸ்பானரோடு நிற்கும் காட்சிதான்.

அடுத்த நிலையத்தில் இறங்கி மேலே ஏறி, நண்பரைக் கூப்பிட்டேன். முதல்நாள்தான் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். பொது இடத்தில் குண்டு என்று எப்படிச் சொல்வது? குரலைத் தாழ்த்தினேன்.

"தம்பி, அந்தச் சாமான் விரியாதாம்."

"எந்தச் சாமான் அண்ணே?"

"மூண்டாம் ஆளிட்டச் சொல்லக் கூடாத சாமான். நான் கடையில எடுத்தது."

"அண்ணே, குண்டா?"

"உரத்துக் கத்தாதேயும்!"

"நான் எங்க வீட்டு சோபால உக்காந்திருக்கேன் லா. நீங்கதான் ரோட்டுல நின்னு கத்துறீங்க."

சுற்றிப் பார்த்தேன். லண்டனில் ஒரு தமிழன் கைபேசியில் கத்துவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வாயைக் கையால் பொத்திப் பேசியதைத்தான் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு போனார்கள். பெட்டியில் என்ன படம் என்று நண்பர் கேட்டார். கரடி என்றேன். சிரிப்பை அடக்குகிறார் என்பது மூச்சில் தெரிந்தது.

"நான் என்னா சொல்லிட்டுப் போனேன் அண்ணே?"

"சொன்னனீர்தான். பெலமானது நல்லதெண்டு நினைச்சிட்டன்."

"சரி, ஒன்னு பண்ணலாம். நெட்டுல எவனோ எழுதினத நம்ப வேணாம். சனிக்கிழமை பண்ணைக்குப் போயி சுட்டுப் பாத்துருவோம். வீட்டுல காலி பால் போத்தல் இருக்கா?"

எங்கள் வீட்டில் காலிப் பால் போத்தல் இருக்கிறதா என்று கேட்கிறார். பின்வளவுக் கொட்டிலில் அவற்றைத் தவிர வேறென்ன இருக்கிறது? கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட ஒன்று போதும். ஆனால் நல்ல போத்தலை எறிய என் மனைவிக்கு மனம் வராது. எதற்கு என்று கேட்டாள். பரிசோதனைக்கு என்றேன். அவளே தெரிந்தெடுத்து, மூடி இறுக்கமாக இல்லாதவற்றை மட்டும் தந்தாள்.

பண்ணையில், மண்மேட்டுக்கு முன்னால், தண்ணீர் நிரப்பிய போத்தல்களை ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வைத்தோம். நண்பரின் கராஜில் இரண்டு விதமாகவும் நான் ரவை அடைத்திருந்தேன்: என் கரடிக் குண்டு சில, அவருடைய பெட்டியிலிருந்து ஈய நுனி தெரியும் மெல்லிய குண்டு சில. மெல்லியதைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டேன். நான் நகத்தால் ஊன்றிப் பார்த்துச் சொத்தை என்று ஒதுக்கியவரேதான்.

முதலில் கரடி. சுட்டேன். போத்தல்கள் அசையவே இல்லை.

"தப்பிட்டுதோ?" என்றேன்.

"இல்ல அண்ணே. நல்லா பாருங்க."

கிட்டப் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு போத்தலிலும் இந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை. இரண்டிலுமிருந்து தண்ணீர், குழந்தை மூத்திரம் பெய்வது போல, அமைதியாக ஊற்றிக்கொண்டிருந்தது. நண்பர் மண்மேட்டைக் கத்தியால் கிளறிக் குண்டை எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். உறையில் சில கீறல். மற்றபடி வாங்கியபோது இருந்த மாதிரியே. பெட்டியில் திருப்பி வைத்தால் கடைக்காரர் மறுபடியும் விற்கலாம். அவ்வளவு பலம்.

பிறகு வேறு போத்தல்களை வைத்து மெல்லியது. சுட்டதும் முதல் போத்தல் இருந்த இடத்தில் இல்லை. மூடி எங்கோ பறந்தது. இரண்டாவது நெடுக்காகக் கிழிந்து கிடந்தது. மூன்றாவது போத்தலுக்குள், அடியில், குண்டு தானே உட்கார்ந்திருந்தது, காளான் போல விரிந்து, ஈயம் உதடு பிதுங்கி. ஒரு பல்லிழந்த கிழவன் சிரிப்பது போலவும் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தது.

"மெதுவா போறவன் சாஃப்டா இருக்கணும் அண்ணே," என்றார் நண்பர். "வேகமா போறவன்தான் கெட்டியா இருக்கணும். இவன் பட்டதும் விரிஞ்சு, உள்ள இருக்கற பலத்த எல்லாம் அங்கயே எறக்கிடுவான். உங்க கரடி எல்லாத்தையும் மண்ணுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டான்."

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். திறக்காத கரடிப் பெட்டி ஒன்று மிச்சம் இருந்தது. தட்டுப்பாடு வந்தாலும் என்று இரண்டாக வாங்கியிருந்தேன். அதைக் கொடுத்து மெல்லியதைக் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் வைத்துப் பெட்டியையும் என்னையும் பார்த்து, மாற்றித் தந்தார்.

பண்ணைக்குப் போகிற நாள் வரைக்கும் எனக்குப் புதுப் பயம். கரடிக் குண்டு போட்டு அடைத்த ரவைகளில் ஒன்று எப்படியாவது மெல்லியதைப் போட்டு அடைத்த புதியவற்றுக்குள் கலந்திருந்தால்? மிஞ்சிய கரடிகளை எல்லாம் நண்பர் வாங்கி வைத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு ரவையாக எடுத்து நுனியை நகத்தால் ஊன்றிப் பார்த்தேன். பதிந்தால் நிம்மதி. மறுநாள் மறந்துபோய் மறுபடி ஊன்றிப் பார்த்தேன்.

அந்த நாள் விடிய, பண்ணையில் மரத்தில் சாய்த்துக் கட்டிய உயர இருக்கையில் நானும் நண்பரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். காலை வெளிச்சம் புல்லில் விழத் தொடங்கியிருந்தது. துவக்கில் போடுவதற்காக ரவைகளை எடுத்தபோது நண்பர் அவற்றைப் பார்த்துவிட்டார்.

"என்னா அண்ணே இது? எல்லாத்துக்கும் மூக்க நசுக்கி வச்சிருக்கீங்க?"

"ஊண்டிப் பாத்தனான்."

"எத்தன தடவ?"

"ஏன் தம்பி, நேர போகாதோ?"

"ஒன்னும் ஆகாது லா, அறுபது மீட்டர்தான. போடுங்க. பேசாதீங்க."

ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை வருவதற்கு முன்னால் முன்ட்ஜக் வந்துவிட்டது. முட்புதருக்குள்ளிருந்து தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, தனக்கு எதுவும் அவசரமில்லை என்பது போல. நண்பர் என் முழங்காலில் ஒரு விரலை வைத்தார். பொறு என்று அர்த்தம். அது பக்கவாட்டாகத் திரும்பி நின்றது. விரலை எடுத்தார்.

எனக்கு அந்த நேரம் ஓடியது எல்லாம் வெட்கக்கேடு. விரியுமோ? மூக்கு நசுங்கினது வளைஞ்சு போகுமோ? இது கரடியாக இருந்தால்? இதைச் சுடாமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மரக்கன்றுகளுக்கு மட்டும்தான் தெரியும். பிறகு எப்படியோ மூச்சு ஒரு தரம் நின்றது. அது நின்ற அந்த இடைவெளியில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்துச் சுட்டேன்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ பக்கத்து அறையில் புத்தகத்தைக் கீழே போட்டது போல. மான் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. ஒரு பின்னங்கால் ஒருமுறை நீண்டது. அவ்வளவுதான். நண்பர் பைனாகுலரை இறக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முடிஞ்சுது அண்ணே. அசையல."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை நிற்கவில்லை. கை, தோள், முழங்கால் எல்லாம் சேர்ந்துகொண்டன. துவக்கை வெறுமையாக்க என் விரல்களால் ஏலவில்லை. நண்பர்தான் வாங்கிச் செய்தார். ஏணியில் முகம் திருப்பி இறங்கப் பயந்து, ஒவ்வொரு படியிலும் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

"மான் விழுந்திருச்சு, நீங்களும் விழாதீங்க," என்றார் கீழே நின்று.

கிட்டப் போனபோது அதன் வாயில் ஓர் இலை இன்னும் மெல்லாமல் இருந்தது. கழுத்தில் கை வைத்தேன். சூடு. எனக்கு எதற்கும் ஒரு பகிடி வாய்க்குள் தயாராக இருக்கும். அன்றைக்கு வாய்க்குள் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை மேலிருந்து கீழ் பார்த்தாள்.

"துடிச்சுதோ?"

"இல்லை. சத்தியமா இல்லை."

"உங்கட சத்தியத்தை நான் எத்தினை வருசமா கேக்கிறன்." வெங்காயக் கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்து நண்பரைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். "தம்பி, உங்கட அண்ணை சும்மா கதை விடுற ஆள். நீங்கள் சொல்லுங்கோ. அந்தச் சீவன் ஓடினதோ?"

"இல்லக்கா. நின்ன எடத்துலயே படுத்துருச்சு. நான் பைனாகுலர்ல பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு அசைவு இல்ல."

"உண்மையாவோ?"

"உண்மையா அக்கா. அசைஞ்சது எல்லாம் அண்ணன்தான். நடுங்கிட்டாரு. ஏணில உக்காந்துதான் எறங்கினாரு."

நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கைபேசியை வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவை ஒருதரம் பார்த்தாள். பிறகு என்னை.

"பெட்டி கிடக்கட்டும்," என்றாள். "நடுங்காமச் சுட்டுப்போட்டு வந்திருந்தியளெண்டால்தான் நான் யோசிச்சிருப்பன். போய்க் கையைக் கழுவுங்கோ."

கழுவப் போனேன். குழாயைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.